வேதகிரியின் பச்சைத் தலை

கண்ணாடியில் தெரிந்த தலை கிளிப்பச்சையாக இருந்தது. அதன் கீழே இருந்த முகம் மட்டும், ஐயமில்லாமல், உத்திரமேரூர் நுகர்வோர் விழிப்புணர்வுச் சங்கத் தலைவர் வேதகிரியுடையது.

அன்று மாட்டுப்பொங்கல். மாலையில் தாசில்தார் முன்னிலையில், 'இன்டர்நெட்டில் போலிப் பொருள் வாங்கி ஏமாறாதீர்' என்று அவர் பேசியாக வேண்டும். மேடையில் இளமையாகத் தெரிய, பிரவுசிங் சென்டர் கார்த்திக்கைப் பிடித்து, அதே இன்டர்நெட்டில் மூலிகைச் சாயப்பொடி தருவித்திருந்தார். ஹாலோகிராம், காலாவதி தேதி, கம்பெனி முகவரி எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகே பிரித்தார்.

"பச்சையா கீற பொடி, பூசினா கருப்பாவும்னு போட்டிருந்தானே!"

"கெணத்தண்ட கொட்டாங்கச்சியில கலக்கி வெச்சிட்டு பேப்பர் படிக்கப் பூட்டீங்க. சரியா ஊறலையோ இன்னாவோ," என்றாள் மனைவி சசிரேகா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

"போலிடி! நானே ஏமாந்தேன்னு ஊருக்குத் தெரிஞ்சா மானம் இன்னாவறது?"

எலுமிச்சம்பழம் தேய்த்தார். பச்சை பளபளத்தது. தோட்டத்தில் மாடுகளைச் சிங்காரித்துக்கொண்டிருந்த மாட்டுக்காரன் பச்சமுத்துவிடம் சசிரேகா மண்ணெண்ணெய் வாங்கி வந்தாள். ஊற்றினார். பச்சை, மீசைக்கும் இறங்கியது.

தலையோடு மீசையும் மறைய முண்டாசு கட்டிக்கொண்டு கார்த்திக்கிடம் ஓடினார்.

"சார், எங்க மாமனும் அதைத்தான் போட்டுக்கினு கீறாரு. காக்கா மாதிரி கீது தலை!"

"உன் மாமன் சாட்சி சட்டப்படி செல்லாதுடா!"

மாலை, அதே முண்டாசோடு மேடையேறிப் பொன்னாடைக்குக் குனிந்தபோது அது அவிழ்ந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. வேதகிரி மைக்கைப் பிடித்தார்.

"பாருங்கள்! மக்களுக்காக, தெரிந்தே, என் தலையைச் சோதனைச்சாலை ஆக்கினேன்! அதோ நிற்கிறானே கார்த்திக், அவன் வரவழைத்துக் கொடுத்த போலிதான் இது!"

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. தாசில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார்த்திக் கடையை மூடவேண்டும் என்று சங்கம் அங்கேயே தீர்மானம் போட்டது.

அப்போதுதான் மாட்டு ஊர்வலம் மேடையோரம் வந்து நின்றது. முன்னால், வேதகிரியின் மாடுகளைப் பிடித்துக்கொண்டு பச்சமுத்து.

"நைனா, கெணத்தண்ட ரெண்டு கொட்டாங்கச்சி இருந்திச்சி, அதுல நான் கலக்கின பச்சைக் கொம்புச் சாயத்தை யாரோ எட்துக்கினு பூட்டாங்க! பக்கத்துல இருந்த இன்னொண்ணைப் பூசினேன், கொம்பெல்லாம் இப்போ கருகருன்னு ஆயிடிச்சி, கழுவினாலும் போவல! எங்க வாங்கினே நைனா, அசல் சரக்கு!"