தொண்ணூற்றாறு போட்டோவும் ஒரு வரப்பும்

புது மருமகளுக்கு வரக்கூடாத வியாதி ஒன்று உண்டு. யாரும் கேட்காமலே உதவி செய்யும் ஆசை. எனக்கு அது கல்யாணமான மூன்றாம் மாதமே வந்துவிட்டது.

நான் பிறந்து வளர்ந்தது செங்கல்பட்டில், மாடி வீட்டில். வாக்கப்பட்டது உத்திரமேரூர் பக்கம், திருப்புலிவனத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில். கம்ப்யூட்டரில் டிசைன் வேலை, வீட்டிலிருந்தே செய்வேன். மாமனாருக்கு அது வேலையாகவே தெரியவில்லை. வருகிறவர்களிடம், "மருமக எந்நேரமும் டிவி மாதிரி ஒண்ண பாத்துக்கினு கீது" என்பார். (அதில் பெருமையும் இல்லை, புகாரும் இல்லை. அதுதான் வலித்தது.) எப்படியாவது இந்த வீட்டில் ஒரு பேர் வாங்கிவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

வாய்ப்பு வரப்பு ரூபத்தில் வந்தது. எங்கள் கழனிக்கும் ஏகாம்பரம் பெரிய மாமா கழனிக்கும் நடுவில் இருக்கும் வரப்பு. (அவர் என் மாமனாருக்குப் பெரியப்பா மகன். அதாவது பங்காளி. மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.) அவர் தன் பக்கத்து ஓரத்தைச் செதுக்கி, எங்கள் பக்கம் மண்ணை அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வரப்பையே எங்கள் நிலத்துக்குள் தள்ளுகிறார் என்பது மாமாவின் சந்தேகம்.

"கண்ணுக்குத் தெரியாம நவுத்துறாம்மா. எப்டி நிரூபிக்கிறது?" என்று சோற்றுத் தட்டின் முன்னால் புலம்பினார்.

"நான் நிரூபிக்கிறேன் மாமா" என்றேன்.

தினமும் காலையில் ஒரே இடத்தில் நின்று ஒரே மாதிரி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். நடவிலிருந்து அறுப்பு வரைக்கும். எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து வீடியோவாக்கினால், கண்ணுக்குத் தெரியாமல் நகர்கிற வரப்பு கண் முன்னால் ஓடும். நான் சொல்லி முடித்ததும் மாமா முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தை எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். (அந்தக் கரண்டியில்தான் நான் விழுந்தேன்.)

"ஒரே இடம்" என்றேனே, அது எங்கள் மோட்டார் கொட்டாயின் மூலை. போனுக்கு ஸ்டாண்டு வாங்கலாம் என்று என் கணவர் குமரன் சொன்னார். எதற்கு, என் கை என்ன நடுங்குமா என்று கேட்டேன். பத்து நாள் ஒழுங்காகப் போனது. பிறகு அந்த மூலையில், சரியாக என் தலைக்கு மேலே, குளவி கூடு கட்ட ஆரம்பித்தது. கூடு ஒரு விரற்கடை வளர்ந்தால் நான் ஒரு சாண் தள்ளி நின்றேன். ஒரு சாண்தானே என்ற நினைப்பு. அறுப்பு சமயத்தில் கூடு தேங்காய் அளவு இருந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்று திரும்பிப் பார்க்கவே இல்லை.

அறுப்பு முடிந்ததும் தொண்ணூற்றாறு போட்டோவையும் வீடியோவாக்க உட்கார்ந்தேன். முதல் தடவை நம்பர் போட்டதில் கோளாறு. ஒன்றுக்கு அடுத்து பத்து, பதினொன்று என்று கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு அடுக்கியதில், பயிர் வளர்ந்து மறுபடி நாற்றாகி மறுபடி வளர்ந்தது. அடுத்த தடவை வரிசை சரி, வேகம் தப்பு. வினாடிக்கு இருபத்தைந்து படம் ஓடி, மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அறுப்பே முடிந்துவிட்டது.

"இன்னாம்மா, மூணு மாசம் சேத்துல நின்னது இம்மாந்தானா?" என்றார்.

வினாடிக்கு எட்டு என்று குறைத்தேன். பன்னிரண்டு வினாடி வீடியோ. அதில் வரப்பு, சாமி சத்தியமாக, எங்கள் பக்கமாக நகர்ந்து வந்தது. மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எதுக்கும் ஒரு தபா அளந்து பாத்துடலாமே" என்று முனகிய குமரனை நான் ஒரு பார்வை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கூடத்தில் டிவி முன்னால் எல்லோரும் கூடினோம். ஏகாம்பரம் பெரிய மாமா, அவர் மனைவி, சாட்சிக்கு ஒரு முன்னாள் வார்டு மெம்பர். அத்தை கேசரி கிளறியிருந்தார். நான் ரிமோட்டும் கையுமாக நின்று, "மனுஷங்க பொய் சொல்லலாம், வீடியோ பொய் சொல்லாது" என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டுப் படத்தை ஓட்டினேன்.

பெரிய மாமா கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். "இன்னொரு தபா போடும்மா" என்றார். போட்டேன். "இன்னொரு தபா." அதையும் போட்டேன். (ஆமாம், நானேதான்.)

அவர் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வரப்ப நான் நவுத்திக்கினு வந்தேன், சரி. அந்தப் பனமரத்த யாரு நவுத்துனது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வரப்போரப் பனைமரம் வரப்போடு சேர்ந்து நடந்து வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் கரண்ட் கம்பமும், கம்பியோடு. முன்னாள் மெம்பருக்குக் கேசரி புரையேறியது.

"குளவி கூடு கட்டிச்சு பெரிய மாமா, அதனால தள்ளித் தள்ளி நின்னேன்" என்றேன்.

"போன கோடைல உங்க மோட்டாரு எரிஞ்சப்ப எங்கெணத்துத் தண்ணிய வுட்டேன். என்னத் திருடன்னு டிவில போட்டுட்டீங்களே" என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

எழுந்தவர் வாசலில் நின்று, "இம்மாந் தூரம் வந்தாச்சி, சர்வேயர வெச்சி அளந்துடலாம்" என்றார்.

சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். வரப்பு நகர்ந்துதான் இருந்தது, முழுசாக ஒன்றரை அடி. ஆனால் பெரிய மாமா நிலத்துக்குள். எங்கள் தரப்பில்தான் வருஷக்கணக்காக யாரோ அக்கறையாகச் செதுக்கியிருக்கிறார்கள். மாமா கையிலிருந்த மண்வெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக அதைக் குமரன் கையில் கொடுத்துவிட்டார்.

நிலம் போனது. பத்து நாள் அத்தை என்னிடம் "போதுமா" என்ற ஒரே வார்த்தைதான் பேசினார், அதுவும் குழம்பு ஊற்றும்போது. எனக்கும் அவர்கள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அந்த ஒன்றரை அடியில் பெரிய மாமா துவரை போட்டார். காய்த்ததும் முதல் படி பருப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. "வீடியோ துண்டுல வெளஞ்சது, மருமகளாண்ட குடு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்குத்தான் மாமா சிரித்தார்.

ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் பெரிய மாமா பேத்தி கல்யாணத்தில், குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுக்கலாம் என்று போனைத் தூக்கினேன். "யப்பா, யாருனா பந்தக்கால புடிங்க. வீடியோ மருமக போட்டோ எடுக்குது" என்றார் பெரிய மாமா. இந்த வீட்டில் நான் வாங்கிய பேர் அதுதான்.

அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். ஓரத்தில் என் மாமனாரும் ஏகாம்பரம் பெரிய மாமாவும், ஆளுக்கு ஒரு பக்கமாகப் பந்தக்காலை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.