பளபளத்த பக்கத்தில் வைத்த பொட்டு

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். விரத நாட்களில் எழுதிவிடலாம் என்று தோன்றும். விரதம் முடிக்கும் பாறணைச் சாப்பாட்டில் வயிறு நிறைந்ததும் அந்தத் தைரியம் போய்விடும். அதிகம் படிக்காதவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டையால் பரந்தனிலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவில் வாடகை வீட்டில் இருந்த காலம். மனைவியின் தம்பி குகனும் எங்களோடுதான். கம்பியூட்டர் வகுப்புக்குப் போய், தானாகவே ஒரு விளையாட்டுச் செய்திருந்தான். ஒரு சைக்கிள், பின்னால் மூட்டைகள், சேற்றுப் பாதை. மூட்டை விழாமல் போய்ச் சேரவேண்டும். (அதைக் கம்பியூட்டர் இல்லாமலே நாங்கள் விளையாடி முடித்திருந்தோம். பரிசுதான் அந்த வாடகை வீடு.)

கொழும்புக் கம்பனிக்காரர் ஒருவர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் வேலைக்கடிதம் தருவார். அப்போது கொழும்புக்குப் போக ஆமிக்காரர் தரும் பாஸ் வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அது இலேசில் கிடைக்காது. கடிதம் இருந்தால் கிடைக்கலாம். குகன் வவுனியாவைத் தாண்ட அதைவிட்டால் வேறு வழியில்லை.

வகுப்புக் கம்பியூட்டர் மின்சாரம் கூடி எரிந்துபோனதால், பிளொப்பியில் எடுத்து வைத்திருந்த விளையாட்டைப் போட்டுக் காட்ட, ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கும் கம்பியூட்டரை இரவல் கேட்டிருந்தான். அதில் 'டிரெக்ட் எக்ஸ்' என்ற ஒன்று இல்லையாம். அது இருந்த ஒரே சீடியை நண்பன் ஒருவன் கொழும்பிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தான். அது என்ன சாமான் என்று கேட்டேன்.

"அத்தான், நாங்கள் மூலஸ்தானத்துக்குள்ளை போறேல்லைத்தானே, ஐயர்தானே போறார். அதுமாதிரி விளையாட்டு நேரை போய்ப் படத்தையும் சத்தத்தையும் கேக்கேலாது. இதுதான் இடையிலை நிண்டு கேட்டுக் குடுக்கும். இது இல்லாட்டிப் பூசை இல்லை."

எனக்கு விளங்குவதற்காகச் சொன்னான். எனக்கு அளவுக்கு மிஞ்சி விளங்கிவிட்டது.

சீடி சுவாமி அறையில் என் பொறுப்பில் இருந்தது. குறித்த நாளன்று குகன் முன்னதாகவே ஆலைக்குப் போய்விட்டான். நான் சீடியோடு பிள்ளையார் கோயிலுக்குப் போய் அவன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். புதுச் சைக்கிளுக்கும் பள்ளிக்கூடத்துப் புதுக் கொப்பிக்கும் பொட்டு வைக்கிற சனம் நாங்கள். ஐயரைப் போன்ற பொருளை வெறும் நெற்றியோடு விடலாமா? எழுத்து இருந்த பக்கம் முதுகு என்றும், கண்ணாடிபோல் பளபளத்த பக்கம் முகம் என்றும் நானே தீர்மானித்தேன். சந்தனம் குழைத்துத் தாராளமாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். காய்ந்த பிறகுதான் உறையில் போட்டேன். (அந்தளவுக்கு விபரமானவன்.)

ஆலைக்குப் போனபோது கம்பனிக்காரர் வந்து கதிரையில் இருந்தார். குகன் அவசரமாகச் சீடியைப் போட்டான். பெட்டி உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. திரையில் இங்கிலிசில் ஏதோ வந்தது. அவன் முகத்தைப் பார்த்தே அதன் கருத்தை அறிந்துகொண்டேன். கம்பனிக்காரர் சீடியை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன சிவப்பாக இருக்கு?"

"பிள்ளையார் கோயில் குங்குமம், ஐயா. நான்தான் வைச்சனான்" என்றேன் பெருமையோடு.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். சீடியை வாங்கி வேட்டித் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். வேட்டியில் திருநீறு இருந்தது. சந்தனம் போனது, கூடவே பளபளப்பும் போய்க் கோடு கோடாகக் கீறல் விழுந்தது. அதற்குப் பிறகு பெட்டி உறுமக்கூட இல்லை. அவர் மணிக்கூட்டைப் பார்த்து, ரயிலுக்கு நேரமாகிறது, பிறகு பார்ப்போம் என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை.

திரும்பி நடந்து வரும்போது குகன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"நல்ல மனசோடைதான் வைச்சனீங்கள், அத்தான். மற்றப் பக்கம் வைச்சிருக்கலாம்."

அவனை அந்த ஆலைக்காரர்தான் வேலைக்கு எடுத்தார். தலை நரைத்தும் அங்கேதான் இருக்கிறான். விளையாட்டு எதுவும் பிறகு செய்யவில்லை. எங்கள் வீட்டில் புது ஃபோன் வந்தால், "அப்பாவைக் கடைக்கு அனுப்பிப்போட்டுத் திறவுங்கோ" என்பாள் மகள். கலியாண வீடுகளில் இந்தக் கதை வளர்ந்து, நான் கம்பியூட்டருக்குப் பாலாபிஷேகம் செய்து தேங்காயும் உடைத்ததாகப் போய்விட்டது. குகனும் சேர்ந்து சிரிப்பான். என்னால் முடிவதில்லை.

ஆகவே வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். யாருக்காவது சொன்னால் இதை உள்ளபடியே சொல்லுங்கள். பால் ஊற்றவேண்டாம். பிள்ளையார் கைவிட்டார் என்றும் சொல்லவேண்டாம். பொட்டு வைத்தவன் நான். வகுப்பில் ஒருநாள் அந்த விளையாட்டை அவன் எனக்குப் போட்டுக் காட்டினான். நல்லாய் ஓடியது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.