ஒரே ஒரு ஸ்பேனரோடு வந்தவர்

சைக்கிள் கடைக்காரர் ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு இருபதாயிரம் கடன்பட்டிருந்தார். மூன்று வருஷக் கடன். குறித்துக்கொள்ளுங்கள்; அவர் குறித்துக்கொள்ளவில்லை.

இவர் தனி இனம். 'நானேதான்' இனம். இந்த இனத்தில் ஒருவராவது இல்லாத கடைத்தெரு எங்கே இருக்கிறது? அடையாளம் சொல்கிறேன். பேச ஆரம்பிக்கும் முன் சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டுவார், கல்லாவை இரண்டு தட்டுத் தட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு ஸ்பேனர்... ஒரே ஒரு ஸ்பேனரோட வந்தேன்" என்பார். போன வருஷம் இரண்டு ஸ்பேனர். அடுத்த வருஷம் வெறுங்கையோடு வந்துவிடுவார்.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் இரும்புச் சாமான் கடை நடத்தியவன். எந்த ஆணி எந்தப் பலகையில் வளையும் என்று பார்த்ததும் சொல்வேன். மனிதனும் அப்படித்தான்.

தெருவே பேட்டரி வண்டிக்கு மாறிய வருஷம் சைக்கிள் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் காயில் கட்டுகிறவர் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, வாரம் இரண்டு மத்தியானம், எந்தக் கம்பியைத் தொடலாம், எதைத் தொட்டால் ஆள் காலி என்று சொல்லிக்கொடுத்தார். தையல்காரர் தன் வாசலில் பாதியை வண்டி நிறுத்த விட்டார். நான் இரும்பு ரேக்கை அசல் விலைக்குக் கொடுத்தேன் (அசலுக்குக் கொஞ்சம் மேலே, அதை விடுங்கள்). ஜெராக்ஸ் அக்கா பேட்டரி சோதிக்கிற மெஷினுக்கு இருபதாயிரம் கொடுத்து, கடையைப் போன் மேப்பிலும் ஏற்றிவிட்டார். கடை பிழைத்தது. ஞாபகம் செத்தது.

"மெஷினை எப்படிண்ணே கத்துக்கிட்டீங்க?" என்று யாராவது கேட்டால் போதும்.

"பார்த்தேன். புரிஞ்சுது."

"யாரும் சொல்லிக் குடுக்கலையா?"

"எனக்கு யாருப்பா இருக்கா?"

அப்போது மோட்டார்காரர் பக்கத்து ஸ்டூலில்தான் டீ குடித்துக்கொண்டிருப்பார். இருவர் டீக்கும் காசு கொடுத்தவர் அவரே.

இப்போது அக்காவின் முறை. எல்லாக் காகிதமும் போனுக்குள் போய்விட்டது. நகல் எடுக்க யார் வருகிறார்கள்? கோப்பையிலும் சட்டையிலும் படம் அச்சடிக்கிற மெஷின் ஒன்று மலிவாக வந்தது. சனிக்கிழமைக்குள் முழுப் பணம் கட்ட வேண்டும். இருபதாயிரம் குறைந்தது. மெஷின் கைவிட்டுப் போனால் கடையையே மூட வேண்டியதுதான்.

நாலு தரம் போய்க் கேட்டார்.

"கடனா? நான் யார்கிட்டயும் கைநீட்டினதே இல்லையேம்மா!"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். பொய் சொல்கிறவனைப் பிடித்துவிடலாம். தன் கதையைத் தானே நம்புகிறவனை என்ன செய்வது?

வழி கண்டுபிடித்தவன் நான். நான் ஒருவனே. (அக்காதான் முதலில் சொன்னார் என்பார் மோட்டார்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும்.) கடன் என்று கேட்டால் வராது, உதவி என்று கேட்டால் வரும்.

வெள்ளிக்கிழமை வியாபாரிகள் கூட்டம். சட்டைக்கை சுருண்டது, மேஜை தட்டப்பட்டது, ஸ்பேனர் வந்தது. அக்கா எழுந்தார்.

"அண்ணே, தனியா நின்னு ஜெயிச்சவர் நீங்க. எங்களை மாதிரி ஆளுக்குக் கைகொடுக்கக் கூடாதா? மெஷினுக்கு இருபதாயிரம் குறையுது. திருப்பித் தரமாட்டேன், அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அவர் நெஞ்சு விரிந்தது.

"எனக்கு மட்டும் அன்னிக்கு இப்படி ஒருத்தர் இருந்திருந்தா..." குரல் தழுதழுத்தது.

மோட்டார்காரருக்கு இருமல் வந்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டது யார்? முகம் சட்டென்று ஞாபகம் வரவில்லையென்றால் என் கடைக்கு வாருங்கள். உங்களுக்கும் ஒரு ஸ்பேனர் தருகிறேன். அசல் விலைக்கு.

சைக்கிள் கடைக்காரர் அன்றைய கடை வசூலை எடுத்தார். எல்லோரும் பார்க்க, விரலில் எச்சில் தொட்டு, ஐந்நூறு ஐந்நூறாக அக்காவின் விரித்த கையில் வைத்தார். முப்பத்தொன்பதில் நிறுத்தி, "போதுமாம்மா?" என்றார்.

"இன்னும் ஒண்ணுண்ணே" என்றார் அக்கா, கையை மூடாமல்.

நாற்பதாவது தாளும் விழுந்தது.