மோர் வருமுன் முடிக்க வேண்டிய போர்

வாழ்க சூர்யபிரகாஷ்! திருப்பனந்தாள் ஈன்ற தீரன். ஈஸ்வரி வயிற்றில் உதித்த இருபத்து மூன்று வயதுச் சிங்கம். வேதியியல் பட்டப்படிப்பில் இரண்டு அரியர் என்னும் இரட்டை அரக்கரை மூன்றாம் முயற்சியில் முறியடித்த வீரன். வைகாசி வெயிலிலும் கழுத்து டையைத் தளர்த்தாத தனிப்பெரும் மானத்தன். அவன் ஆயுள் காப்பீடு விற்கப் புறப்பட்டு, ஒரே ஒரு பந்தியில், ஒரே ஒரு இலையின் முன் அமர்ந்து ஆற்றிய அரும்போரைப் பாடப் புகுந்தேன். பந்திக்கு இலை விரிப்போரே, நீர் தெளிப்போரே, வாளி ஏந்தி வரிசை காக்கும் வள்ளல்களே, என் நாவில் வந்து அமருங்கள். சாம்பாரை மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கொண்டுவாருங்கள். என் நாயகனுக்கு அவகாசம் வேண்டும்.

மூன்று மாதங்களுக்கு முன், காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தஞ்சாவூர்க் கிளையில் அவன் படைவீரனாகச் சேர்ந்தான். அட்டையில் அச்சிட்ட பட்டம் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ். தாய் ஈஸ்வரி தெருவுக்கு அறிவித்த பட்டம் ஆபீசர். கிளை மேலாளரும் வாட்ஸப் வேந்தருமான இளையபெருமாள் அவனுக்கு இரண்டு மந்திரங்களை உபதேசித்தார். தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரைப் பட்டியலிட்டு, அவர்களிடமிருந்தே வேட்டையைத் தொடங்க வேண்டும் என்பது முதல் மந்திரம். எக்காலத்தும் எவ்விடத்தும் சாவு என்ற சொல்லை வாயால் உரைக்கலாகாது, 'அந்தச் சூழ்நிலை' என்றோ 'ஏதாவது ஆச்சுன்னா' என்றோதான் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது.

பட்டியலில் அறுபத்து நான்கு பேர் உறவினர். அந்தோ, அந்த அறுபத்து நான்கு வீடுகளும் மூன்றே மாதத்தில் அறுபத்து நான்கு கோட்டைகளாயின! முன்பெல்லாம் அவன் தலையைக் கண்டதும் காப்பிக்குப் பால் வைத்த சித்திகள், இப்போது ஜன்னல் வழியே, "சித்தப்பா இல்லப்பா" என்றார்கள். சித்தப்பாவின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பது அவனுக்கு வலித்தது.

ஆயினும் உண்மையை மறைப்பது காவியத்துக்கு அழகன்று. அந்த வேலையில் அவனுக்கு ஒரு ருசியும் தட்டியிருந்தது. ஒருநாள் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் முன்பின் அறியாத ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினான். அவர் எதுவும் வாங்கவில்லை. ஆனால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் பேச்சுக்கு ஒரு மனிதர் பஸ்ஸை விட்டார் என்ற இனிப்பு இரண்டு நாள் அவன் வாயில் இருந்தது. மூன்றாம் நாள், பாவம், அவருக்கு அடுத்த பஸ் எப்போது கிடைத்ததோ என்று வெட்கமாக இருந்தது. இனிப்பும் வெட்கமும் ஆகிய இருபெரும் சேனைகள் அவன் நெஞ்சக் களத்தில் எதிரெதிரே கூடாரம் அடித்து, அவன் ஊட்டிய சோற்றையே தின்று வளர்ந்துவந்தன.

இந்நிலையில் வேந்தர் இளையபெருமாள் இறுதி ஆணை பிறப்பித்தார்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு பாலிசி. இல்லைன்னா திங்கக்கிழமை வரவேண்டாம்." துரத்தினார்கள் என்ற பழி தன் குலத்துக்கு வேண்டாமென்று எண்ணிய நம் மானத்தன், சனிக்கிழமையே ஒரு ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பட எழுதி, நான்காய் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒரு மனம் பாலிசி கிடைக்க வேண்டும் என்றது. இன்னொரு மனம், கிடைக்காமல் போய்த் தொலைந்தால் சித்தி வீட்டில் மறுபடி காப்பி கிடைக்கும் என்றது.

அந்த ஞாயிறுதான் துரைக்கண்ணுவின் அறுபதாம் கல்யாணம். யார் இந்தத் துரைக்கண்ணு? ஈஸ்வரியின் அண்ணன், ஐந்து ஏக்கர் குத்தகை நிலத்தின் கோமான், பட்டியலின் முதல் வரியில் எழுதப்பட்டும் மூன்று மாதமாகப் பிடிபடாத பெரும்புள்ளி. மருமகனின் ஸ்கூட்டி ஓசை கேட்டால் மோட்டார் கொட்டகைக்குள் மறையும் கலை பயின்றவர். இத்தனைக்கும், அரியர் விழுந்த காலத்தில் ஊரே மார்க்கு விசாரிக்க, ஒன்றும் கேட்காமல் கும்பகோணம் அழைத்துப்போய்ப் பரோட்டா வாங்கிக்கொடுத்தவர் அவர் ஒருவரே. அந்த மாமாவை இழப்பதா, வேலையை இழப்பதா என்பதே அன்றைய வழக்கு.

களமோ திருக்கடையூர்! எமனையே எட்டி உதைத்த ஊர். நீண்ட ஆயுள் வேண்டி நாடெங்குமிருந்து தம்பதிகள் வந்து, கலச நீரில் நனைந்து, கழுத்தில் மாலையோடு சிரிக்கும் ஊர். அங்கே போய் ஆயுள் காப்பீடு விற்பது, தண்ணீர்ப் பந்தலில் நின்று தண்ணீர் பாட்டில் விற்பது போன்றது. அதைச் செய்யத் துணிந்தவனை வீரன் என்னாமல் வேறென்ன சொல்வது? உறவினர் வேறு சில பெயர்களைச் சொன்னார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை.

ஆனால் நம் நாயகன் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு போர்த்தந்திரத்தோடு வந்திருந்தான். மாமா எங்கும் ஓடக்கூடியவர். வயலில் ஓடுவார், தெருவில் ஓடுவார். இலையில் உட்கார்ந்துவிட்டால் ஓடமாட்டார். சாம்பார் தொடங்கி மோர் முடியும்வரை பந்தியிலிருந்து பாதியில் எழுவது சாப்பாட்டுக்கு அவமரியாதை. அதுவும் தன் அறுபதாம் கல்யாணப் பந்தியில் எவன் எழுவான்? ஆகவே மாமாவுக்குப் பக்கத்து இலையைப் பிடித்தால் இருபத்தைந்து நிமிடம் அவர் கைதி.

மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்துள் முதலில் பாய்ந்தவன் அவனே. பாய்ந்தவன் திகைத்தான். மாமாவின் இடப்புறம் அத்தை மங்களாம்பிகைக்கு. வலப்புற நாற்காலியிலோ, பச்சைக்கரைத் துண்டு ஒன்று கொடிபோல் கிடந்தது! அது சம்பந்தி ரெங்கசாமியின் துண்டு. மாமாவின் மகளைக் கொண்ட வீட்டின் தலைவர், மன்னார்குடி மீசைக்காரர், சரியாக மதிக்கவில்லையென்று இரண்டு கல்யாணங்களில் கோபித்துக்கொண்டு போனவர். அவர் இடம்பிடித்துப் போட்ட துண்டைத் தொட்டால் இரண்டு குடும்பங்களுக்கு இடையே ஆறு மாதம் பேச்சு இருக்காது. உலகத்தீரே, சூர்யபிரகாஷ் தொட்டான். தொட்டது மட்டுமல்ல, எடுத்து அடுத்த நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

ரெங்கசாமி வந்தார். நின்றார். மீசை அசைந்தது.

"என் துண்டு நடந்து போயிருக்கே?"

"இப்ப துண்டு கெடக்குற எடம் ஃபேனுக்கு நேர் கீழங்க. நீங்க வேர்வையோட சாப்புடக் கூடாதுன்னு நான்தாங்க மாத்திப் போட்டேன்."

சம்பந்தி மேலே பார்த்தார். உண்மையிலேயே அங்கே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "நல்ல புள்ள" என்று சொல்லி அமர்ந்தார். அவன் வாழ்வின் முதல் விற்பனை அது. கமிஷன் கிடையாது, ஆனாலும் உள்ளுக்குள் இனிப்புச் சேனை ஒருமுறை ஆரவாரம் செய்தது. அந்த ஆரவாரத்தைக் கேட்டு அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

துரைக்கண்ணு மாலையோடு வந்து அமர்ந்தார். பக்கத்தில் யாரென்று பார்த்தார். எழலாமா என்று ஒரு கணம் யோசித்தார்; அதற்குள் இலையில் உப்பு வைத்துவிட்டார்கள். பொறி மூடியது.

"வாடா மாப்ள. டையை எடுத்து உள்ள வுட்டுக்க. சாம்பார்ல நனையப்போவுது."

சோறு வந்தது, பருப்பு வந்தது, சாம்பார் வந்தது. முதல் அம்பை நாயகன் தொடுத்தான்.

"மாமா, மனுசன்னா... ஒருவேளை ஏதாவது ஆச்சுன்னா..."

"என்னா ஆவும்?"

"இல்லீங்க மாமா, எதிர்பாராத விதமா..."

"பன்னெண்டாந்தேதி மேட்டூர்ல தண்ணி தொறக்கலைன்னா? அத சொல்றியா?"

"அதில்லீங்க மாமா."

"அறுப்பு நேரத்துல மழ புடிச்சுக்கிட்டா? அதுக்குப் பயிர் இன்சூரன்சு கட்டியாச்சு. தம்பி, பொரியல் இந்தப் பக்கம் வரவே இல்ல பாரு."

முதல் அம்பு முட்டைக்கோஸ் பொரியலில் போய் விழுந்தது. வத்தக்குழம்புப் படலத்தில் நாயகன் இரண்டாம் மந்திரத்தின் மறுபாதியை ஏவினான். "அந்தச் சூழ்நிலைன்னு ஒண்ணு வந்தா மாமா" என்றான். "எந்தச் சூழ்நிலை?" என்று கேட்டார் மாமா, பால் குடிக்கும் குழந்தையின் கண்களோடு. சூழ்நிலையை விளக்க இன்னொரு சூழ்நிலை தேவைப்பட்டது. அப்பளம் நொறுங்கியது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது; வேந்தர் இளையபெருமாள் ஒரு கேள்விக்குறி அனுப்பியிருந்தார். சிறிது நேரத்தில் மூன்று கேள்விக்குறி அனுப்பினார். வியர்வை டையின் முடிச்சை அடைந்தது. மின்விசிறி முழுவதும் சம்பந்திக்கே வீசியது.

ரசம் வந்தது. வாளி கடந்ததும் மாமா கையை இலையில் ஊன்றி, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, மூணு மாசமா நீ தொரத்துற, நான் ஓடுறேன். ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. ஒண்ணு பண்ணு. எனக்கு என்னா ஆவும்னு ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லிடு. சொல்லிட்டா, எங்க கையெழுத்துன்னுகூட கேக்காம போடுறேன்."

ஆகா! மலை இறங்கி வந்து மடியில் உட்கார்ந்தது. ஒரு சொல், ஒரே சொல்! அதைச் சொன்னால் பாலிசி, பாலிசியால் வேலை, வேலையால் ஈஸ்வரியின் மகன் ஆபீசர். சொல்லடா தோன்றலே, சொல்! அவன் வாயைத் திறந்தான். பக்கத்தில் மாமாவின் தலைமயிரில் கலச நீர் இன்னும் காயவில்லை. அத்தையின் கழுத்தில் காலையில்தான் கட்டிய மஞ்சள் கயிறு. ஈரம் ரவிக்கையில் இறங்கியிருந்தது. இவர் ஒருநாள் இருக்கமாட்டார் என்பது அவனுக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. மூன்று மாதமாக ஊரெல்லாம் விற்ற சரக்கு எதுவென்று அந்த நொடியில்தான் விற்பவனுக்குத் தெரிந்தது. திறந்த வாயில் ஒரு கவளம் ரசச்சோற்றை வைத்து விழுங்கினான்.

"வரல மாமா. வேற யார்கிட்டயாவது சொல்லிடுவேன். உங்ககிட்ட வரல. வேணாம், சாப்புடுங்க."

வில் முறிந்தது, தேர் சாய்ந்தது. துரைக்கண்ணு இலையைப் பார்த்தார். பாயசம் வந்தது. பாயசத்துக்குப் பின் மோர். மோருக்குப் பின் கைகழுவல். அதற்குப் பின் திங்கட்கிழமை. நம் நாயகனுக்கு, வெட்கப்படாமல் சொல்கிறேன், நிம்மதியாகவே இருந்தது.

அப்போது மாமாவின் மறுபுறத்திலிருந்து, பாயசத்தில் முந்திரியைத் தேடிக்கொண்டே மங்களாம்பிகை கேட்டாள்.

"இவரு செத்துட்டா காசு யாருக்குப்பா வரும்?"

பாயச வாளி அந்தரத்தில் நின்றது. சம்பந்தியின் மீசை நின்றது. அந்த வரிசை முழுவதும் வாயும் கையும் நின்றன. மின்விசிறி ஒன்றுதான் சுற்றியது.

"மங்களம்! இன்னிக்குப் போயி..."

"என்னா மங்களம்? எமனுக்கு ஒத விழுந்தது இந்த ஊர்ல. நாம வேன் ஏறுனா நம்ம ஊருக்குத்தானே போறோம்? எங்க பெரியப்பா போனப்ப, அந்த ஒரு பாலிசிக்குப் பெரியம்மா எட்டு மாசம் அலஞ்சா. கட்ட வச்ச பையன் வேலைய வுட்டுட்டு எங்கயோ போயிட்டான். எந்தப் பேப்பரு, எந்த ஆபீசுன்னு சொல்ல ஆளில்ல." அவள் முதல்முறையாகச் சூர்யபிரகாஷைப் பார்த்தாள். "நீன்னா வூட்டுக்கு வந்து செஞ்சு குடுப்ப. ஏம்ப்பா, நீ இந்த வேலையில இருப்பல்ல?"

மூன்று மாதப் பயிற்சியில் இந்தக் கேள்விக்கு யாரும் விடை சொல்லித் தரவில்லை. சட்டைப்பையில் நான்காய் மடிந்த கடிதம் நெஞ்சில் குத்தியது. வேண்டாம் என்று ஓடிய சேனையும் வேண்டும் என்று ஆடிய சேனையும் ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டு அவன் வாயையே பார்த்தன.

"இருப்பேன் அத்தை."

"அப்ப எழுதிக்க. என் பேரு. ஆதார் நம்பர் சொல்றேன், மனப்பாடம்."

"நான் சொல்லச் சொன்னது மாப்ளய" என்று முணுமுணுத்தார் துரைக்கண்ணு. "நீ சொல்லிட்ட. சரி வுடு. கைய கழுவிட்டு வந்து போடுறேன் கையெழுத்து."

விண்ணப்பம் வேனில் இருந்தது. வலக்கை முழுக்கப் பாயசம்; போனின் திரை அந்த விரலை ஏற்க மறுத்தது. அத்தையோ எண்களைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். நிறுத்தினால் முதலிலிருந்து சொல்வாள். சம்பந்தி ரெங்கசாமி, ஃபேன் தந்த நன்றிக்கடனாக, தன் பேனாவை இடக்கையால் நீட்டினார். நாயகன் தன் இடக்கையால் சட்டைப்பையைத் துழாவி, அகப்பட்ட ஒரே தாளை உதறி விரித்து, அதன் வெற்றுப் பக்கத்தில், கோழி கிளறியது போன்ற எழுத்தில், நாமினியான அத்தையின் பெயரையும் பன்னிரண்டு எண்களையும் பொறித்தான். பொறித்து முடித்துத் திருப்பினான். மறுபக்கத்தில், 'மதிப்பிற்குரிய ஐயா, சொந்தக் காரணங்களால்' என்று தொடங்கியது அவன் கையெழுத்து.

சங்கே முழங்கு! முரசே அதிர்! எமன் தோற்ற ஊரில் எமன் பெயரைச் சொல்லாமலே வென்றவன் இவன். சம்பந்தியின் துண்டை நகர்த்தியும் தலை தப்பியவன் இவன். முன்பக்கம் போகிறேன் என்றும் பின்பக்கம் இருப்பேன் என்றும் எழுதிய ஓலையை நெஞ்சில் சுமந்தவன் இவன். காவிரிக் கரையின் ஐந்து ஏக்கரும், மண்டபத்து மின்விசிறிகளும், மூன்று கேள்விக்குறி வேந்தனும் இவன் புகழை ஊழிக்காலம் வரை ஓதுக என்று நான் மேலும் பத்துப் பக்கம் பாட வாயெடுக்கையில், மோர் வந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு இருபது பஸ்ஸில் அவன் வேலைக்குப் போனான்.