மொறீன் வீட்டுக்குப் போன சிவப்புப் பை

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு (மற்ற இரண்டும் என் தங்கச்சியின் பிள்ளைகள், அவள் கண்மூடிய பிறகு என்னிடம் வந்தவர்கள்). படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது பெருமைக்குத்தான். இனிச் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் ஏழு முறை இடம்பெயர்ந்தோம். ஏழு முறையும் என் கையில் ஒரு சிவப்புப் பை இருந்தது. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் அதற்குள். மழையில் நடந்தோம், வள்ளத்தில் ஏறினோம், பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்தோம். ஒரு கடதாசி தொலையவில்லை. அப்படிப்பட்ட நான், சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில் என்ற இடத்தில், நாய் குரைத்தால்கூடச் சொந்தக்காரர் வந்து மன்னிப்புக் கேட்கிற தெருவில், ஒரு குடும்பத்தின் நாலு பாஸ்போட்டையும் என் கையாலேயே தூக்கிக் கொடுத்தேன். அதுவும் நல்ல நேரம் பார்த்து.

நடந்தது 2011ஆம் ஆண்டு. இங்கே ஆனியும் ஆடியும் எலும்புக்குள் இறங்குகிற குளிர். என் மூத்தவன் ரவிக்கு வேலை ஒரு குளிர்க் களஞ்சியத்தில். உறைந்த மீன் பெட்டிகளை அடுக்குவது. வெளியே குளிர், உள்ளே அதைவிடக் குளிர். வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்ற விரல் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பான். பிறகுதான் குனிவான். எட்டு வருடமாகக் குளிர்காலத்தில் அவனுக்கு லீவு கிடைத்ததில்லை. அந்த வருடம் ஒரு கிழமை கொடுத்தார்கள்.

உடனே என்னையும் சேர்த்து வீட்டில் நாலு பேருக்கும் பிஜித் தீவுக்கு ரிக்கெற் போட்டான். "அங்கை கடல் தண்ணி இளஞ்சூடாம் அம்மா. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். ஒரு கிழமை வேர்க்கோணும். அவ்வளவுதான்" என்றான். அன்னாசிப்பழம் அச்சடித்த அரைக் காற்சட்டை ஒன்றும் வாங்கி வந்தான். (அவன் தகப்பன் முழங்காலை நான் கல்யாணம் முடித்து மூன்றாம் வருடம்தான் பார்த்தேன்.)

நானும் சும்மா இருக்கவில்லை. மெரிலேண்ட்ஸில் கிழமைக்கு ஒருமுறை வயதானவர்கள் கூடுவோம். அங்கே ஒருவர் மிச்சமில்லாமல் சொன்னேன். பாக்கியம் அக்காவிடம் இரண்டு தரம் சொன்னேன், அவவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் இல்லை.

பிறகுதான் கலண்டரைப் பார்த்தேன். பயணம் வைத்திருந்த திங்கட்கிழமைக்கு முதல் நாளே ஆடி பிறந்துவிடுகிறது. ஆடியில் யார் பயணம் தொடங்குவார்கள்? ரவியிடம் சொன்னேன்.

"அம்மா, லீவு அந்தக் கிழமைதான். ஆடி ஆவணி எல்லாம் அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப ஆனிக்குள்ளை வெளிக்கிடுவம்."

"பிளேன் திங்கள்தான் அம்மா!"

மருமகள் வசந்தி குசினிக்குள் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பியது. இதற்கு வழி இல்லாமலா நம் ஆட்கள் கடல் தாண்டினார்கள்? வழி இருக்கிறது. பரஸ்தானம் என்று பெயர். நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணப் பையை மட்டும் அயல்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு எந்த நாளிலும் ஆள் புறப்படலாம். இவர்களிடம் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். ஆகவே சொல்லவில்லை.

ஆனி முடியுமுன் வியாழக்கிழமை நல்ல நாளாக இருந்தது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு பழைய சிவப்புப் பையை எடுத்தேன். பயணம் போகிற ஒவ்வொருவர் பொருளும் அதில் இருக்க வேண்டும் அல்லவா? ரவியின் அன்னாசிக் காற்சட்டை, வசந்தியின் தொப்பி, பேத்தி அபியின் நீச்சல் உடுப்பு, என் நூல் சேலை ஒன்று. அப்போது ஒரு யோசனை வந்தது. இந்தக் காலத்தில் பயணம் போவது மனிதரா, பாஸ்போட்டா? பாஸ்போட் போனால்தானே பயணம் போனதாகும்! வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தன. நாலையும் மஞ்சள் துணியில் முடிந்து பைக்குள் வைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பிஜி இங்கிருந்து கிழக்கே என்று அபி முன்பே சொல்லியிருந்தாள். போகிற திசையில்தான் பை போக வேண்டும். கிழக்கே பக்கத்து வீடு மொறீனுடையது. தனியாக இருக்கிற வெள்ளைக்காரி, என் வயதுதான் இருக்கும். கதவைத் தட்டினேன். பையை வாசலுக்கு உள்ளே வைத்தேன். கை கூப்பினேன். அப்போது வாயில் வந்த ஆங்கிலம் "தாங் யூ" ஒன்றுதான். அதை மூன்று தரம் சொன்னேன்.

மொறீன் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு கொல்லைக்குப் போய்த் தன் மரத்தில் இரண்டு எலுமிச்சம்பழம் பறித்து வந்து என் கையில் வைத்தாள்.

எலுமிச்சம்பழம்! பயணத்துக்கு! இந்தச் சனத்துக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். அந்த இரண்டு பழத்தையும் கார்ச் சில்லுக்கு அடியில் வைப்பதற்காகப் பத்திரப்படுத்தினேன்.

ஞாயிறன்று ரவி கேட்டான்: "அம்மா, பாஸ்போட்டுகள் கவனம்தானே?"

"ஏழு இடப்பெயர்வு கண்டவளிட்டைக் கேக்கிற கேள்வியா?"

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அந்த வீட்டில் அந்த வசனத்துக்குமேல் யாரும் கேட்பதில்லை.

திங்கள் காலை ஒன்பது மணி வரை ராகு காலம். அதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூட நான் அசையவில்லை. ஒன்பது அடித்ததும் சில்லுக்கு அடியில் பழத்தை வைத்துவிட்டு, "அபி, மொறீன் வீட்டை போய் எங்கடை சிவப்புப் பையை வாங்கிக்கொண்டு வா" என்றேன்.

அபிக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெறுங்கையோடு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அப்பம்மா, ஷீ கேவ் இட் அவே."

"என்னடி?"

"நீங்க டொனேட் பண்ணினதாம். பழைய உடுப்பு எண்டு நினைச்சு வெள்ளிக்கிழமை சரிட்டிக் கடையில குடுத்திட்டாவாம். ஷீ செட் யூ ஆர் சோ கைண்ட்."

மொறீன் அந்தத் தருமக் கடையில் உதவிக்குப் போகிறவள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியுமாம். எனக்குத் தெரியாது. அந்தத் தெருவில் பழைய பையோடு அவள் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லோரும் அதற்காகத்தான் தட்டுவார்களாம்.

"சரி, உடுப்புத்தானே, போனால் போகுது" என்றாள் வசந்தி.

நான் குனிந்து, சில்லுக்கு அடியில் இருந்த பழத்தைச் சரிசெய்தேன்.

ரவி என்னைப் பார்த்தான். "அம்மா. அந்தப் பைக்குள்ளை வேறை என்ன கிடந்தது?"

பிறகு கார் ஓடிய ஓட்டத்தைச் சொல்ல எனக்கு எழுத்துப் போதாது. (எலுமிச்சம்பழம் இரண்டும் சரியாக நசுங்கின. அந்தக் காலையில் முறைப்படி நடந்தது அது ஒன்றுதான்.) கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது அன்னாசிக் காற்சட்டை. கம்பியில் தொங்கியது. என் சேலையை யன்னலுக்குத் திரையாகப் போட்டிருந்தார்கள், வடிவாகத்தான் இருந்தது. பாஸ்போட்டுகளை நல்ல மனிசர் யாரோ கண்டெடுத்துச் சனிக்கிழமையே பொலிசில் கொடுத்திருந்தார்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போனால், அவற்றை நகரத்துப் பாஸ்போட் காரியாலயத்துக்கு அனுப்பியாகிவிட்டதாம். நேர்மையான நாடு. ஒருவராவது கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் நாங்கள் பிஜி போயிருப்போம்.

ஒரு மணிக்குப் பிளேன் எழும்பியபோது நாங்கள் பொலிஸ் நிலைய வாசலில் நின்றோம். ரவி ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி, அழுது, ஒரு மாதிரி முடித்திருப்பேன். அவன் மேலே பார்த்துவிட்டு, "சரி, வாங்கோ, குளிருது" என்றான்.

நான்தான் வாயை மூடவில்லை. கார் முழுக்க மொறீனைத் திட்டிக்கொண்டு வந்தேன். "ஒரு மனிசி நம்பி வைச்ச பையைத் திறந்து பாக்காமல் குடுக்கிறதே? இது என்ன பழக்கம்?"

அந்தக் கிழமை மழை. லீவைத் திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம், மாற்றித் தரவும் மாட்டார்களாம். நான் வீட்டுக்குள் ஒளிந்திருந்தேன், மெரிலேண்ட்ஸ் முழுக்க நான் பிஜியில் அல்லவா இருக்கிறேன். புதன்கிழமை போன் அடித்தது, மறந்து எடுத்துவிட்டேன். பாக்கியம் அக்கா.

"ஆர், மங்களமோ? நீ போகேல்லையோடி?"

குரலை மாற்றி "றோங் நம்பர்" என்றேன்.

"றோங் நம்பர் எண்டு தமிழ்க் குரலிலை சொல்லுறது நீதானே" என்றா. காது மந்தமாம்!

வெள்ளிக்கிழமை மழை விட்டது. ரவி எங்களை இங்குள்ள கடலுக்குக் கூட்டிப் போனான். காற்று ஆளைத் தூக்கியது. கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. தன் காற்சட்டையைத் தானே காசு கொடுத்து மீட்டு வந்திருந்தான். அதைப் போட்டு, மேலே வேலைக்குப் போகிற தடித்த ஜாக்கெற்றோடு, தண்ணீரில் கால் வைத்தான். முழங்கால் நீலமாகிவிட்டது. திரும்பிப் பார்த்து, "அம்மா, மீன் பெட்டியோடை நிக்கிறது இதைவிடச் சுகம்" என்று சிரித்தான். வசந்தியும் அபியும் விழுந்து சிரித்தார்கள். நான் காருக்குள் இருந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் இப்போது எதுவும் தொலைவதில்லை, பரஸ்தானம் போகிறது. கார்த் திறப்பைக் காணவில்லையா? பரஸ்தானம் போய்விட்டது. அபியின் ஒற்றைச் சொக்ஸ்? கிழக்கே தேடு. மொறீனுக்கும் கதை தெரிந்து, ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு எலுமிச்சம்பழத்தை வேலிக்கு மேலால் நீட்டுகிறாள். நானும் வாங்கி ஊறுகாய் போடுகிறேன். ரவிக்குக் குளிர்கால லீவு மட்டும் பிறகு கிடைக்கவே இல்லை. இந்தக் குளிருக்கும் வேலையால் வந்ததும் அன்னாசிக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஹீற்றருக்கு முன்னால் துவாயை விரித்துப் படுக்கிறான். "பிஜியிலை இருக்கிறன், ஆரும் கூப்பிடாதேங்கோ" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறோம். அந்த ஹீற்றருக்கு ஒருவருக்கும் வேர்க்காது.

வளர்த்த ஏழு பேரில் ஒருவரிடமும் நான் பிழை விட்டேன் என்று வாயால் சொன்னதில்லை. எழுத்தில் சொல்வது கொஞ்சம் சுகமாக இருக்கிறது. பிழை மொறீனுடையது இல்லை. என்னுடையது.

அபி, இங்கே வா. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பார்ப்போம், இதை முதலில் இருந்து வாசி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், பரவாயில்லை, அவசரம் இல்லை. இதற்கு முந்தின பந்தி வரும்போது மட்டும் சத்தத்தைக் கூட்டு. கொப்பர் பிஜியில் படுத்திருக்கிறார், அவருக்கும் கேட்க வேண்டும்.