ராகு காலத்தில் நின்ற லினக்ஸ்

உலகத்தில் கணினியைக் கற்றவர்கள் கோடிப் பேர். அதைப் பஞ்சாங்கத்தால் வழிநடத்தியவர் ஒருவரே. பினாங்கு ஜார்ஜ் டவுன் குவீன் ஸ்திரீட் மாடியில் இயங்கும் தண்ணீர்ப் பந்தல் சங்கத்தின் 'ஆயுட்காலத்' தலைவர், மாண்புமிகு விநாசித்தம்பி.

அது 1999. தைப்பூசத்துக்கு இரண்டே நாள். எந்தத் தொண்டர் எத்தனை மணிக்கு எந்தப் பந்தலில் நிற்பது என்ற பட்டியல், மொத்தம் நூற்றெண்பது பேர், சங்கத்தின் ஒரே கணினிக்குள் இருந்தது. பட்டியல் இல்லாவிட்டால் மோர் குடிக்க எல்லாரும் வருவார்கள், அண்டா கழுவ ஒருவரும் வரமாட்டார்கள் என்பது சங்கத்தின் நெடுநாள் 'ஆய்வு முடிவு'.

கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டவள் எழுத்தர் புஷ்பராணி. புத்தகம் பார்த்துத் தானே கற்றவள். புதிய அச்சுப்பொறி ஓட வேண்டுமானால் உள்ளே உள்ள மென்பொருள் தொகுப்புகளைப் புதுப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நல்ல நேரத்தில், தலைவரே தேங்காய் உடைத்துப் பொத்தானை அழுத்தினார்.

பத்தரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகு காலம் வந்திருச்சு. நிப்பாட்டும்மா."

"பாதியில நிப்பாட்டினா கெட்டுப் போயிரும், ஐயா."

"ராகு காலத்துல ஓடினா மட்டும் விளங்குமா? பன்னெண்டுக்கு விட்ட இடத்துலருந்து ஓடட்டும்லா."

செயல்வீரரான அவர், சொன்னதோடு நிற்காமல் சுவர் சுவிட்சையே அடைத்தார்.

பன்னிரண்டுக்கு மேல் திறந்தால், எல்லாம் அரைகுறை. எழுத்துருத் தொகுப்பு வந்தால்தான் வருவேன் என்றது அச்சுத் தொகுப்பு. அடிப்படைத் தொகுப்பு எழுந்தால்தான் அசைவேன் என்றது எழுத்துரு. அடிப்படையோ பாதியில் படுத்துக் கிடந்தது.

செயலாளர் அய்யாக்கண்ணு திரையைப் பார்த்து மெய்சிலிர்த்தார். "அச்சு அசலா நம்ம செயலவைண்ணே."

உடனே செயலவையின் அவசரக் கூட்டம். தீர்மானம் ஒன்று, கணினிக்கு ஆழ்ந்த வருத்தம். தீர்மானம் இரண்டு, 'பிழை யாருடையது' என்று அறிக்கை. எழுத்தரின் கைப்பிழை என்றால் அன்றோடு அவளுக்கு வேலை இல்லை. அறிக்கையை எழுத்தரே தட்டச்சு செய்து தரவேண்டும்.

கூட்டம் காரசாரமாக நடக்க, புஷ்பராணி அடிப்படையை முதலில் எழுப்பினாள். பிறகு எழுத்துரு, பிறகு அச்சு. பாதியில் நின்றதையெல்லாம் ஒவ்வொன்றாக முடித்தாள். அச்சுப்பொறி கரகரத்தது. அண்டா கழுவுவோர் உட்பட நூற்றெண்பது பேரும் வெளியே வந்தார்கள்.

கடைசியாக அறிக்கை வந்தது. மணி மூன்றாக இரண்டு நிமிடம்.

"படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றார் தலைவர்.

"தாராளமா படிங்க, ஐயா. மூணு மணிக்கு எமகண்டம்."

தலைவர் பேனாவைப் பறித்தார். அய்யாக்கண்ணு வழிமொழிந்தார். அறிக்கை 'ஏகமனதாக' ஏற்கப்பட்டு, அன்றே பலகையில் ஒட்டப்பட்டது. நேரந்தவறாமைக்கு அதைவிடச் சிறந்த சான்று பினாங்கில் இல்லை:

"காலை 10.31. தலைவர் சுவிட்சை அடைத்தார். வேறு பிழை எதுவும் இல்லை. ஒப்பம்: விநாசித்தம்பி."