மூன்றாம் மாடி ஜன்னலும் சாம்பியனின் வலது முழங்காலும்

கமென்னி லோக் நகரம்,
லெஸ்னாயா தெரு, 14ஆம் கட்டடம், வீட்டு எண் 31.

மதிப்பிற்குரிய ஆசிரியர் இன்னொகெந்தி பாவ்லவிச் அவர்களுக்கு,

ஸ்லாத்தா மியாகிஷெவா ஸ்கேட்டிங் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றது தவறல்ல. நாற்பது நாள் தாமதமாக ஓய்வு பெற்றாளே, அதுதான் தவறு. அந்தத் தவறு எனக்கும் என் மனைவி ரிம்மாவுக்கும் இழைக்கப்பட்டது. ரிம்மா இப்போது இல்லை என்பதால் இருவருக்குமாக நானே எழுதுகிறேன்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் பத்திரிகையும் சுகமாக இருக்கட்டும். ஆனால் சென்ற வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் "திரும்பி வா, ஸ்லாத்தா!" என்று ஒரு கூப்பனை அச்சிட்டு, அதை வெட்டிக் கையெழுத்துப் போட்டு ரொட்டிக் கடைப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறீர்கள். இதுவரை இரண்டாயிரத்து முந்நூறு கூப்பன் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒருவர் ஏழு கூப்பன் போட்டார். அவருக்கு ஸ்கேட்டிங் பிடிக்குமா என்று கேட்டேன். "எங்க வீட்ல ஏழு பேரு, எல்லாரும் ஊரப் பத்திப் பெருமப்படணும்ல" என்றார். கம்பு ரொட்டி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

நான் நாற்பத்தோரு வருடம் நகரக் கொதிகலன் நிலையத்தில் குழாய் பொருத்துநராக இருந்தவன். கல்லூரிக்குப் போனதில்லை, தெரிந்ததெல்லாம் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஸ்கேட்டிங்கும் அப்படித்தான். நடுவர்களுக்கான கையேட்டை நூலகத்தில் எடுத்து மூன்று முறை படித்திருக்கிறேன். டிசம்பர் போட்டியில் ஸ்லாத்தா இரண்டாவது குதிப்பில் "லேசாகத் தடுமாறினாள்" என்று தங்கள் பத்திரிகை எழுதியது. தடுமாறவில்லை, கால்வாசிச் சுற்றுக் குறைவாகச் சுழன்று இறங்கினாள். இந்த வயதில் இதையெல்லாம் ஏன் படித்தேன் என்று கேட்பீர்கள். அவள் எப்போது தோற்பாள் என்று தெரிந்துகொள்ளத்தான் படித்தேன்.

விஷயம் இது. ஸ்லாத்தா எங்கள் கட்டடத்துப் பெண், இரண்டாம் வாசலில் வளர்ந்தவள். மூன்று வருடம் முன்பு அவள் உலகப் பட்டம் வென்றதும் எங்கள் கட்டடத்தின் பக்கச் சுவரில் ஒன்பது மாடி உயரத்துக்கு அவள் படத்தை வரைந்தார்கள். குதித்து ஐஸில் இறங்கும் நிலை: வலது கால் ஊன்றி, இடது கால் பின்னால் நீண்டு, இரண்டு கையும் விரிந்து. அந்தச் சுவரில் ஒரு வீட்டுக்கு ஒரு ஜன்னல்தான் உண்டு, சமையலறை ஜன்னல். மற்ற வீடுகளின் ஜன்னல்கள் எல்லாம் வானத்திலும் ஐஸிலும் விழுந்து தப்பித்தன. எங்களுடையது மட்டும் சரியாக அவளுடைய வலது முழங்காலில் விழுந்தது. ஒரு நாள் கடையிலிருந்து திரும்பி வந்தால் சாரம் கட்டி, ஜன்னலுக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் போட்டேன். நகராட்சியிலிருந்து வந்த பெண்மணி, "சாம்பியனோட முழங்கால்லேர்ந்து ஒரு பாட்டி எட்டிப் பாத்தா நல்லாவா இருக்கும், பெரியவரே? அந்தப் பொண்ணு போட்டியில இருக்கிறவரைக்கும் பொறுத்துக்கங்க. நிறுத்தின அன்னிக்கே திறந்துடுவோம்" என்றாள். அந்தப் பாட்டி என் மனைவி. பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போனவள். அறை ஜன்னல்களில் கொதிகலன் நிலையத்துப் புகைபோக்கி மட்டும்தான் தெரியும். அதை நான் நாற்பத்தோரு வருடம் பார்த்தாயிற்று. முற்றம், பெஞ்சு, பெஞ்சில் உட்காரும் பெண்கள், யார் யாரோடு பேசவில்லை என்ற விவரம், எல்லாம் சமையலறை ஜன்னலில்தான் கிடைக்கும். அவளுக்கு மிச்சமிருந்த உலகம் அது.

அன்று முதல் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. தொலைக்காட்சியில் ஸ்லாத்தா ஐஸில் இறங்கியதும் ரிம்மா இடது கையால் சிலுவை போட்டுக்கொள்வாள். நான் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு விழட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். அவள் விழமாட்டாள். ஒவ்வொரு குதிப்பு முடிந்ததும் ரிம்மா மேசையைத் தட்டுவாள்.

"பாத்தியா கெழவா, நின்னுட்டா!"

"நின்னா நமக்கு இன்னும் ஒரு வருஷம் இருட்டு."

"லைட்டப் போடு. அதுக்குத்தான லைட்டு இருக்கு."

இப்படி மூன்று குளிர்காலம். ஜனவரிக் கடைசியில் ஒரு காலையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போதே ரிம்மா போய்விட்டாள். அவள் முகம் செங்கல்லைப் பார்த்தபடி இருந்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே வெகுநேரமாயிற்று.

நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு நான்தான் பிளினி அப்பம் சுட்டேன். பாதி கருகிவிட்டது. அண்டை வீட்டார் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கருகினது நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போனார்கள். வழக்கப்படி ரிம்மாவுக்கென்று ஊற்றி வைத்த வோட்கா கிளாஸ் மீது இருந்த ரொட்டித் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் போன பிறகு கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் ஸ்லாத்தா. நெற்றியெல்லாம் வேர்வை, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நிற்கிறாள்.

"லிஃப்ட் ஓடல, தாத்தா."

"அது நின்னு ஆறு மாசமாச்சு. மூணு மாடிதானே. நீ உலக சாம்பியன்."

"உலக சாம்பியனுக்குப் படி ஏறத் தெரிஞ்சிருக்கணும்னு விதி எதுவும் இல்ல, தாத்தா. நீங்கதான் புத்தகம் படிச்சிருக்கீங்களே, பாருங்க."

நாற்காலியின் ஓரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். வலது இடுப்பு மூட்டு. பத்தொன்பது வயது. ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் ஊசி போட்டு ஆடியிருக்கிறாள். உலகப் போட்டிக்கு இன்னும் பதினாறு நாள். இன்னொரு ஊசி போட்டால் ஆடிவிடலாம், அதற்குப் பிறகு உலோக மூட்டுதான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"நீ என்ன முடிவு பண்ணியிருக்க?"

"நிறுத்திட்டேன்."

"எப்போ?"

"இப்பதான். ரெண்டாம் மாடி தாண்டி, குப்பை கொட்டுற குழாய் இருக்குல்ல, அங்க. கால் மேல வரல. அப்படியே நின்னேன். இங்கேயே நிறுத்திக்கலாம்னு தோணிச்சு."

"நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, தாய்நாட்டுக்கும் ரசிகர்களுக்கும் நன்றி கூறி" அவள் முடிவெடுத்ததாகத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். திருத்தம் போடவும். குப்பைக் குழாய் பக்கத்தில், தனியாக நின்று எடுத்த முடிவு அது.

நான் நல்லவனாக நடந்துகொள்ளவில்லை. "நாப்பது நாளைக்கு முன்னாடி இந்தப் புத்தி வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் மூடிய ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்டோபர்லயே எழுதிக் குடுத்துட்டேன், தாத்தா. விளையாட்டுப் பள்ளி இயக்குநர் வாங்கி டிராயர்ல வச்சுப் பூட்டிட்டார். 'ஒம்பது மாடி உசரத்துக்கு ஒன்ன வரஞ்சு வச்சிருக்கோம். நீ நிறுத்திட்டா அந்தச் சுவர நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?'ன்னு கேட்டார்."

மூன்று வருடமாக இந்தச் சுவருக்கு உள்பக்கம் நாங்கள் இரண்டு பேர் அடைபட்டிருந்ததாக எண்ணியிருந்தேன். வெளிப்பக்கமும் ஒருத்தி அடைபட்டிருந்திருக்கிறாள். "சாப்பிடு" என்றேன். கருகின பிளினி மூன்று சாப்பிட்டாள். அந்தப் பெண் வாயில் உணவு போவதை அவள் எட்டு வயதுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். "நாலாவது இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது.

மறுநாள் செய்தி பரவியது. அதற்கு அடுத்த நாள் விளையாட்டுப் பள்ளி இயக்குநர் ருதாகோவ் ஒலிபெருக்கியோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார். நாற்பது குழந்தைகளைப் பனியில் வரிசையாக நிறுத்தி, கையில் கூப்பன் கொடுத்து, சுவருக்குக் கீழே நின்று, "ஸ்லாத்தோச்கா, ஊரே வந்து நிக்குது பாரு!" என்று கத்தினார். ஸ்லாத்தா எங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கால் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீழே இறங்கிப் போனேன். வீட்டுச் செருப்போடு போனேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க. இது விளையாட்டு விஷயம். ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"நவம்பர்லேர்ந்து லுட்ஸ் குதிப்புக்கு எழும்பும்போது பிளேடு உள்பக்கமாச் சாயுது. இடுப்பு வலிக்கிறவதான் அப்படிச் சாய்வா. இது கொதிகலன்காரன் எனக்குத் தெரிஞ்சுது. இயக்குநரு ஒனக்குத் தெரியலயா, தெரிஞ்சும் ஊசி போடச் சொன்னியா?"

குழந்தைகள் சிரித்தன. ஆனால் ஆசிரியர் அவர்களே, இதையும் அச்சிட வேண்டும்: எனக்கு நவம்பரிலேயே தெரியும். அவளுக்கு வலிக்கிறது என்று தெரிந்து, சீக்கிரம் தோற்றுவிடுவாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். ரிம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ருதாகோவைத் திட்டுவதற்கு எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். இருந்தும் திட்டினேன்.

ருதாகோவ் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப் போனார்.

"நீங்க சொன்னா கேப்பா. ஒரே ஒரு போட்டி. அவ போய் ஆடிட்டு வரட்டும், அந்த வாரமே ஒங்க ஜன்னலத் திறந்து தர்றேன். நகராட்சியில நான் பேசுறேன். இல்லேன்னா சுவரு நினைவுச் சின்னம் ஆயிடும். அப்புறம் ஆணி அடிக்கக்கூட விடமாட்டாங்க."

உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசை. மறுக்கவில்லை. நிமிர்ந்து அந்த முழங்காலைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் என் சமையலறை. ஒரு ஊசி, ஒரு போட்டி, பிறகு வெளிச்சம். ரிம்மா இல்லாவிட்டாலும் அவள் பார்த்ததையாவது நான் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒரு சிகரெட் புகைக்கிற நேரம் அப்படியே நின்றேன். அதற்குள் குளிர் தாங்காமல் ஸ்லாத்தா பெஞ்சிலிருந்து எழ முயன்றாள். முதல் முறை முடியவில்லை. இரண்டாம் முறையும் முடியவில்லை. நாற்பது குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருந்தன, சிரிப்பு நின்றுவிட்டது. நான் போய்க் கை கொடுத்தேன்.

"என்ன சொல்றார் தாத்தா?"

"ஜன்னல் தர்றாராம், நீ போய் ஆடினா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் சொல்லல. இப்ப சொல்றேன்" என்று திரும்பி, முற்றம் முழுக்கக் கேட்கும்படி, "ஜன்னல் என்னோடது. காலு அவளோடது. ரெண்டுக்கும் நீ தரகு பேசாத. போ!" என்றேன். ருதாகோவ் தங்களிடம் வந்து நான் குடித்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். நாற்பதாம் நாளன்று ஒரு கிளாஸ் குடித்தேன். இது அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்தது.

வீட்டு நிர்வாக அலுவலகத்துக்கும் போனேன். போட்டியை நிறுத்திவிட்டாள், வாக்குப்படி திறங்கள் என்றேன். "நிறுத்திட்டாங்கல்ல, இனிமேதான் அவங்க சரித்திரம். சரித்திரத்துல எப்படி ஓட்டை போடுறது?" என்று அந்த அலுவலகப் பெண்மணி கேட்டாள்.

ஆகவே செய்ய வேண்டியவை. தாங்கள் வரும் வெள்ளிக்கிழமை இதழில் கூப்பனை நிறுத்த வேண்டும். பெட்டியை ரொட்டிக் கடையிலிருந்து எடுத்துப் போகவும் வேண்டும், அது தராசை மறைப்பதால் எடை போடுவது தெரிவதில்லை. கூப்பனில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் எங்கள் கட்டடத்துக்கு வந்து ஒற்றைக் காலால் மூன்று மாடி ஏறிக் காட்ட வேண்டும். ஏழு கூப்பன் போட்டவர் ஏழு முறை. ருதாகோவ் தன் டிராயரைத் திறந்து அக்டோபர் மாதக் கடிதத்தை எடுத்து, அதே முற்றத்தில், அதே ஒலிபெருக்கியில், அதே நாற்பது குழந்தைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பிள்ளைகளிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும், பதில் வரும்வரை கேட்க வேண்டும். நகராட்சி லிஃப்டைப் பழுதுபார்க்க வேண்டும். வீட்டு நிர்வாக அலுவலகம் மே முதல் தேதிக்குள் என் ஜன்னலைத் திறக்க வேண்டும். ஜன்னலை மூடச் சம்மதித்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இருப்பதாகச் சொல்கிறார்களே, அதன் நகலையும் தர வேண்டும். நான் எதிலும் கையெழுத்திடவில்லை. போட்டது யார் என்று போலீஸ் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்லாத்தா சாப்பிட வேண்டும், குளிரில் பெஞ்சில் உட்காரக் கூடாது.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் நல்ல வசந்த காலம் வாய்க்கட்டும்.

சவேலி குஸ்மிச் தியூஷெவ்,
முதல் தரக் குழாய் பொருத்துநர் (பணி ஓய்வு).

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வீட்டு நிர்வாக அலுவலகத்திலிருந்து நகல் வந்துவிட்டது. போலீஸ் வேண்டாம். கையெழுத்து ரிம்மாவுடையது, இடது கையால் போட்டது. ஓவியர் எங்கள் ஜன்னலை அப்படியே விட்டுச் சுற்றி வரைவதாகத்தான் முதலில் இருந்ததாம். மூடச் சொன்னதே இவள்தான். கீழே எழுத்து ஏறி இறங்கி, இப்படி எழுதியிருக்கிறாள்: "படத்துல கூடப் பிள்ளையோட முழங்கால்ல ஓட்டை வைக்காதீங்க, அவளுக்கு ஆகாது. அவ அந்தக் கால்லதான் எறங்குறா. முற்றத்த நான் முப்பது வருஷம் பாத்துட்டேன். எங்க கெழவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, கடுதாசி எழுத ஆரம்பிச்சிடுவான்."

ஜன்னலைத் திறக்க வேண்டாம். இந்தக் கடிதத்தையும் அச்சிட வேண்டாம். ஸ்லாத்தாவை விட்டுவிடச் சொல்லும் இடங்களை மட்டும் அச்சிடுங்கள். என் பெயர் வேண்டாம். ரிம்மா தியூஷெவா என்று போடுங்கள்.